பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி

ஊசி போடவும் கட்டுப் பிரிக்கவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. ஒரு குடும்பத்திடம் கேள்வி கேட்க யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். அதனால் மாலினியைப் பற்றியும் அவளுடைய அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலாக்காவில் நான் பிள்ளைகள் வார்டில் இருந்தேன். சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களை ஒவ்வொன்றாக விற்று வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்கு வந்து, தொழிற்சாலைக்கும் லோரி வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். தோட்டத்தில் இருந்தவரை தலைவலியோ காய்ச்சலோ, அங்கேயே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் போனால் போதும். அவருக்கு எல்லாக் குடும்பமும் தெரியும். யார் பிள்ளை, யார் வீட்டில் என்ன சண்டை என்பது வரைக்கும் தெரியும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் அப்படி இல்லையே. உட்கார்ந்ததும் கேள்விதான். அதுவும் மலாயில், இல்லையென்றால் ஆங்கிலத்தில். எங்கள் சனங்களில் பெரியவர்கள் பலருக்கு இரண்டும் சரளமாக வராது. அதனால் வார்டில் இருந்த தமிழ் நர்ஸுகளுக்கு, மிஸ்ஸி என்றுதான் எங்களைக் கூப்பிடுவார்கள், யாரும் எழுதித் தராத ஒரு வேலை கூடுதலாக இருந்தது. டாக்டர் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலையில் அஞ்சலை என்ற பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாயா ரும்புட் பக்கத்தில் வீடு. என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவள். மகள் மாலினி, தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு. தூக்கிக்கொண்டு வரும் வயதா அது? ஆனால் பிள்ளையால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வயிறு பலகை மாதிரி இருந்தது. தொட்டால் கத்துகிறாள். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலைமை. கூட வந்திருந்தது அஞ்சலையின் நாத்தனார், வசந்தா. வீட்டுக்காரர் மணியம் லோரியோடு வடக்கே போயிருந்தார். அப்போது கைத்தொலைபேசி ஏது?

"முந்தாநாளே கொண்டாந்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"நான் சொன்னேன் மிஸ்ஸி" என்று வசந்தா முந்திக்கொண்டாள். "அண்ணி கேக்கல. ஓமத்தண்ணி குடுக்குறேன், சரியாப் போயிடும்னாங்க. இவங்களுக்கு ஆஸ்பத்திரின்னாலே ஆவாது லா. காய்ச்சல்னா தனியார் கிளினிக்குதான். கவர்மெண்டு பக்கமே வரமாட்டாங்க."

அஞ்சலை மகளுடைய முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கே அறுவை செய்ய வேண்டும் என்று முடிவானது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சின்ன வயது மலாய்க்காரப் பெண், நிதானமானவர். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். இதற்கு முன் அறுவை நடந்திருக்கிறதா? இல்லை. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது பிரச்சனை வந்திருக்கிறதா?

"இல்ல" என்றாள் அஞ்சலை.

நான் கேட்டு முடிப்பதற்குள் அந்த 'இல்ல' வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்துப்போயிருந்தது.

"எங்க பக்கமும் யாருக்கும் இல்ல மிஸ்ஸி" என்றாள் வசந்தா. "அண்ணிக்கு ஜொகூர்ல இவ பொறந்தப்பக்கூட சுகப்பிரசவம்தான்."

டாக்டர் குறித்துக்கொண்டு கிளம்பினார். நான் திரும்பி அஞ்சலையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பயந்த தாய்மார்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், கேள்விமேல் கேள்வி கேட்பாள். இவள் எங்கள் கேள்விக்கே பயந்திருந்தாள்.

"அக்கா, புள்ளைக்கு வேற துணி மாத்தணும். என்கூட வந்து எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டேன். வசந்தாவும் எழுந்தாள். "நீங்க புள்ளகிட்ட இருங்கம்மா, தனியா விட முடியாது" என்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தனியாகக் கூப்பிட வேண்டுமென்றால் 'தனியாகப் பேச வேண்டும்' என்று கூப்பிடாதீர்கள். துணி, தண்ணீர், கையெழுத்து என்று ஏதாவது சாதாரணக் காரணம் சொல்லுங்கள்.

துணிகள் அடுக்கியிருந்த அறையில் கதவைச் சாத்தினேன். "அக்கா, அந்த டாக்டர் சும்மா கேக்கல. சில குடும்பத்துல மயக்க மருந்து ஒத்துக்காது. பரம்பரையா வரும். முன்னாலயே தெரிஞ்சா வேற மருந்து குடுப்பாங்க. தெரியாம குடுத்துட்டா..."

நான் முடிக்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பெக்கல மிஸ்ஸி" என்றாள்.

ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவளின் பிள்ளை மாலினி. அஞ்சலைக்குக் குழந்தை இல்லை. இருவரும் ஒரே நிரையில் மரம் சீவியவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். பிரசவத்துக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு அறுவை செய்தார்கள். குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

"மயக்க ஊசி போட்டாங்களாம். கொஞ்ச நேரத்துல ஒடம்பு நெருப்பாட்டம் கொதிச்சிருச்சாம். கைகாலு கட்டையா வெறச்சிப் போச்சாம். அவ புருசன் சொல்லிச் சொல்லி அழுதாரு. அவரால வளக்க முடியல, எங்க கையில குடுத்துட்டாரு. எங்க பேர்லயே பதிஞ்சோம். யாரும் சொல்லிடுவாங்கன்னுதான் ஊரையே விட்டுட்டு இங்க வந்தோம். வீட்டுக்காரரு ஆளுங்ககிட்டகூட சொல்லல. வசந்தாவுக்கே தெரியாது."

"இத டாக்டர்கிட்ட சொல்லணும் அக்கா."

"சொன்னா என் புள்ள எனக்கு இல்லாமப் போயிடும்."

"சொல்லலன்னா?"

அவள் வெகுநேரம் அழுதாள். வெகுநேரம் என்பது எனக்குத் தோன்றியதுதான். அந்தப் பக்கம் தள்ளுகட்டிலைத் தயார் செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த டாக்டருக்கு மட்டும் சொல்லுங்க. மாலினி காதுல விழக்கூடாது மிஸ்ஸி" என்றாள். நான் சரி என்றேன்.

டாக்டரை நடைவழியில் பிடித்துச் சொன்னேன். பிள்ளைக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். உடம்பு கொதித்து விறைத்தது என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. உடனே அவருடைய மூத்த டாக்டரைப் போனில் கூப்பிட்டார். வழக்கமான மருந்துகளை எல்லாம் விலக்கிவிட்டு வேறு மருந்துகளைத் தேடி எடுத்தார்கள். மருந்து கொடுக்கும் இயந்திரத்தையே மாற்றினார்கள். அறுவை செய்யும் டாக்டர் தாமதமாகிறது என்று முணுமுணுத்தார். குடல்வால் வெடித்துவிடும் என்ற பயம் அவருக்கு. அவரவர் பயம் அவரவருக்கு நியாயமாகத்தான் இருந்தது.

அறுவை அறை வாசலில் மூத்த டாக்டர் வந்து நின்றார். சின்ன டாக்டர் அவரிடம் நிலைமையை விளக்க வேண்டும். விளக்கினார். நடுவில் தள்ளுகட்டிலில் மாலினி. வலிக்குப் போட்ட ஊசியில் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த மலாய்ப் பேச்சில் ஒரு வார்த்தை இரண்டு தடவை வந்தது. 'இபு கண்டோங்'. பெற்ற தாய். பெற்ற தாய் மயக்க மருந்தில் இறந்துபோனாள், இப்போது வந்திருப்பது வளர்த்தவள்.

நான் குனிந்து பிள்ளையைப் பார்த்தேன். இமை அசையவில்லை. கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாம். உடம்பு கொதிக்கவில்லை, கைகால் விறைக்கவில்லை. வெளியே வந்து சொன்னபோது அஞ்சலை தரையில் விழுந்து கும்பிட்டாள். மணியமும் லோரியை எங்கேயோ விட்டுவிட்டு ஓடி வந்து சேர்ந்தார்.

பிறகு ஒரு நாள் அந்த மூத்த டாக்டரிடம் கேட்டேன். உண்மையிலேயே பரம்பரைக் கோளாறுதானா, அந்த மருந்தைக் கொடுத்திருந்தால் பிள்ளை போயிருக்குமா? அவர் தோளைக் குலுக்கினார். பெற்றவள் அதனால் இறந்தாளா, வேறு காய்ச்சலா, இரத்தம் போனதாலா, யாருக்கும் தெரியாது. ஜொகூரிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. சோதித்துப் பார்க்க நம் ஊரில் வசதியும் இல்லை. "நாம் சரியாகத்தான் செய்தோம், மிஸ்ஸி" என்றார். சரிதான். இன்றைக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த உண்மை தேவைப்பட்டதா இல்லையா என்று தெரியாமலேயே அதைச் செலவழித்தோம். அது என் மனதை விட்டுப் போனதில்லை.

தையல் ஆறிக்கொண்டிருந்த ஒரு காலை. அஞ்சலை கஞ்சி காய்ச்சிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். மாலினி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மிஸ்ஸி, இபு கண்டோங்னா பெத்த அம்மாதானே?"

என் கை நின்றுவிட்டது. மறந்துவிட்டோம் பாருங்கள். பெரியவர்களுக்கு மலாய் வராது, சரி. பிள்ளைகளுக்கு? பள்ளியில் படிக்கிறார்கள். தாமானில் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள். நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

"யாரு சொன்னா?"

"கட்டில தள்ளிக்கிட்டுப் போனப்ப டாக்டருங்க பேசுனாங்க. நான் தூங்கல."

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

மறுபடி கூரையைப் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்ஸி" என்றாள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுவாங்க."

"சொல்லமாட்டேன்மா. ஒனக்கு அழுகை வரலியா?"

"அழுதா வயிறு வலிக்கும். தையல் போட்டிருக்கு."

அதற்குள் அஞ்சலை வந்துவிட்டாள். கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். மாலினி மறுப்புச் சொல்லாமல் கடைசிக் கரண்டி வரை குடித்தாள். பசியில்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போகும் நாளில் அஞ்சலை என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "மாலினிக்கு ஒன்னும் தெரியாதுல்ல மிஸ்ஸி?"

தாய் ஒன்று கேட்டிருந்தாள், மகள் ஒன்று கேட்டிருந்தாள். இருவருக்கும் நான் சரி சொல்லியிருந்தேன். "நீங்களே ஒரு நாள் சொல்லிடுங்கக்கா. கெட்டிக்காரப் புள்ள, தாங்கிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

"சொல்றேன் மிஸ்ஸி. ஆறாம் ஆண்டு பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. அதற்கப்புறம் இன்னொரு பரீட்சை வந்திருக்கும். பாசாரில், சந்தையில், ஒருமுறை அவர்களைப் பார்த்தேன். மாலினி மீன் பையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி சாலையைக் கடந்தாள். பெரிய பெண்ணாகிவிட்டாளே, இன்னும் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாளே என்று பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வருடங்கள் கழித்து என்னைப் பெண்கள் கிளினிக்குக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு நாள் அங்கே மாலினி வந்து நின்றாள். படிவம் நான்கு படிக்கிறாளாம், பதினாறு வயது. பின்னால் அஞ்சலை, பாதியாக இளைத்துப் போயிருந்தாள். மார்பில் கட்டி. சேலையை மீறி வாடை வந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.

முகப்பில் இருந்த மிஸ்ஸி சின்னப் பெண், மலாய்க்காரப் பெண். வழக்கம்போல் கேட்டுக்கொண்டே போனாள். பெயர், வயது. மாலினிதான் தாய்க்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை பிரசவம்? அதை மாலினி தமிழில் அம்மாவிடம் சொல்லவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாத்து" என்றாள். ஒன்று. "சாயாலா." நான்தான்.

அந்த அளவு மலாய் அஞ்சலைக்குப் புரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் போய் அஞ்சலையை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். எடை பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "எப்பக்கா கவனிச்சீங்க?" என்று கேட்டேன்.

"போன தீபாவளிக்கு முன்னாலயே."

"ஏன்க்கா வரல? எங்கிட்டயாச்சும் வந்திருக்கலாமே?"

"ஒரு தடவ தனியா வந்தேன் மிஸ்ஸி. நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியல. மேசையில எத்தன புள்ள பெத்தீங்கன்னு எல்லாரையும் கேக்குறாங்க. எனக்கு மலாய் சரியா வரல, புள்ளையக் கூட்டிக்கிட்டு வான்னாங்க. புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னன்னு சொல்றது? பெக்கலன்னு சொல்றதா? பெத்தேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னா மருந்து மாறிப்போயிடுமோன்னு பயம். திரும்பிப் போயிட்டேன்."

அவள் பயந்ததில் என்ன தப்பு? ஒரு பதில் மாறினால் மருந்து மாறும் என்று அன்றைக்குத் துணி அறையில் நான்தானே சொன்னேன்.

மாலினிக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இனியும் எதற்கு மறைக்க வேண்டும்? வாயைத் திறந்தேன். அதற்குள் அஞ்சலை என் கையைப் பிடித்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"கேட்டீங்களா மிஸ்ஸி? சாத்துன்னா. நான்தான்னா. என் புள்ளைக்கு ஒன்னுமே தெரியாது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிரசவம் இல்லை என்பதை டாக்டரிடம் அறைக்குள் தனியாகச் சொன்னேன். நோயாளியின் முன்னாலோ மகளின் முன்னாலோ இதைப் பேச வேண்டாம் என்றும் சொன்னேன். அவரும் பேசவில்லை. அந்தத் தடவை எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் நோய் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மருந்து கொடுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். மாலினி பள்ளி முடிந்ததும் சீருடையோடு வந்து, அம்மாவின் தலைக்குத் துண்டு கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். இருவரும் சமையலைப் பற்றிப் பேசுவார்கள், படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். வேறு எதையும் பேசவில்லை. பொங்கல் வருவதற்கு முன்பே அஞ்சலை போய்விட்டாள்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கிளினிக்கில் இருந்த மிச்ச காலத்தில், பிரசவத்தைப் பற்றிய கேள்வியை மேசையில் வைத்துக் கேட்க விட்டதில்லை. உள்ளே, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்று சண்டை வந்தது. பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், வளர்த்த பிள்ளையையும் வைக்காதீர்கள். தள்ளுகட்டிலில் கண்ணை மூடிக் கிடப்பவர் எல்லாரும் தூங்குகிறவர்கள் இல்லை. வளர்ப்புப் பிள்ளை உள்ள வீடுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அவர்கள் வந்து சொல்லமாட்டார்கள். மேசையில் நம் கேள்வியைக் கேட்டதும் திரும்பிப் போய்விடுவார்கள். திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

காரியம் முடிந்த பிறகு பாயா ரும்புட்டுக்குப் போனேன். மணியம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வசந்தா தேநீர் கலக்க உள்ளே போனாள். மாலினி என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா கடைசி வரைக்கும் சொல்லல மிஸ்ஸி" என்றாள். "நானும் கேக்கல."

"ஒன்மேல அவ்வளவு உயிரும்மா அவங்களுக்கு."

"தெரியும்." அவள் சைக்கிள் விடும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு தடவ தனியா கிளினிக்குக்குப் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. நான் அப்ப வீட்லதான் இருந்தேன். என்ன கேட்டாங்கன்னு கேட்டேன், ஒன்னுமில்லன்னுட்டாங்க. அன்னைக்கு நான் கூட வந்தப்ப அந்த மிஸ்ஸி கேட்டாங்கள்ல, அப்பதான் எனக்குப் புரிஞ்சிது."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு நான் முன்னாலயே சொல்லியிருந்தா, அம்மா தனியாப் போன அன்னைக்கே காட்டியிருப்பாங்களா மிஸ்ஸி?"

"இல்லம்மா" என்றேன். "அந்த நோவு அப்படி. எப்ப வந்திருந்தாலும் இதேதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கட்டு மாற்றிய காலையில் பார்த்த அதே பார்வை. அன்றைக்கு வராத பொய் இன்றைக்கு வந்துவிட்டது.

"தேங்க்ஸ் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு, தேநீரை வாங்க உள்ளே போனாள்.